எந்த அரசு என்று குரோசஸ் ஏன் கேட்கவில்லை?

நண்பர் ஒருவர் கேட்டிருப்பது பார்வைக்கு ஒரு கேள்வி. உள்ளே இரண்டு இருக்கின்றன. "நீ போருக்குப் போனால் பெரிய அரசு ஒன்றை அழிப்பாய் என்று டெல்பிக் கோயிலில் குரோசஸ் மன்னனுக்குச் சொன்ன குறி பலித்ததா, பொய்த்ததா? அது உண்மையில் நடந்ததா, கட்டுக்கதையா?" என்பது அவர் வெளிப்படையாகக் கேட்டது. கடைசி இரண்டு வரிகளில் அவர் போகிறபோக்கில் எழுதியிருப்பதுதான் அவரை இங்கே கொண்டுவந்தது என்று நினைக்கிறேன். அவருடைய சித்தப்பாவுக்கு அருள்வாக்கு சொல்லும் ஒருவர், "கையில் இருப்பது கைமாறினால் பெரிய வீடு எழும்" என்று சொல்லியிருக்கிறார்; அதை நம்பிச் சித்தப்பா பூர்வீக நிலத்தை விற்றுத் தொழிலில் போட முடிவு செய்திருக்கிறார்; வீட்டில் யார் பேசினாலும் கேட்பதாயில்லை. ஆக, உண்மையான கேள்வி, இப்படிப்பட்ட வாக்கை நம்பி இறங்கியவர்களுக்கு வரலாற்றில் என்ன நேர்ந்தது, அதை எப்படி எடுத்துச் சொல்வது என்பதே. நான் 26 ஆண்டுகள் கல்லூரியில் பண்டைய கிரேக்க, ரோமானிய வரலாற்றைப் பாடம் நடத்தியவன்; கிரேக்க மூலத்தை அகராதியின் துணையோடு வாசிக்கும் அளவுக்கு அந்த மொழியைக் கற்றவன். கிரக நிலைகளைப் பற்றியோ தெய்வ அருளைப் பற்றியோ தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. குறி கேட்டவர்கள் அதைக் கேட்டபின் என்ன செய்தார்கள் என்பதற்கு எஞ்சியிருக்கும் பதிவுகளைப் பல ஆண்டுகள் படித்திருக்கிறேன். அந்த எல்லைக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

முதலில் கதையை அதன் முழு உருவில் பார்க்க வேண்டும், ஏனென்றால் நாம் வழக்கமாகக் கேட்கும் சுருக்கத்தில் முக்கியமான ஆள் ஒருவர் விடுபட்டுப் போகிறார். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் சார்டிஸ் நகரைத் தலைநகராகக் கொண்ட லிடியாவின் மன்னன் குரோசஸ். கிழக்கே பாரசீகத்தின் சைரஸ் வளர்ந்துவருவதைக் கண்டு கவலைப்பட்டு, முளையிலேயே தடுக்கலாமா என்று யோசித்தான். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்வதன்படி அவன் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவன் அல்ல, குறிசொல்லும் ஏழு தலங்களுக்குத் தூதர்களை அனுப்பி, புறப்பட்ட நாளிலிருந்து நூறாவது நாளில் "எங்கள் மன்னர் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்?" என்று கேட்கச் சொன்னான். அன்றைக்கு அவன் யாரும் ஊகிக்க முடியாத ஒரு காரியமாக, ஆமையையும் ஆட்டுக்குட்டியையும் வெட்டி, வெண்கல மூடி போட்ட வெண்கலக் கொப்பரையில் சேர்த்து வேகவைத்துக்கொண்டிருந்தான். கிரேக்கத்தில் அப்போலோ தெய்வத்தின் கோயில் இருந்த டெல்பியில், பித்தியா என்ற பூசாரிப்பெண், தூதர் கேள்வியைக் கேட்டதுமே அந்த வாசனை தன் புலன்களை எட்டுவதாகச் செய்யுளில் சொன்னாள். குரோசஸ் நம்பிவிட்டான். நூற்றுப் பதினேழு தங்கக் கட்டிகள், பத்துத் தாலந்து எடையுள்ள பொற்சிங்கம் என்று காணிக்கைகள் டெல்பிக்குப் போயின. அதன்பிறகுதான் போரைப் பற்றிக் கேட்டான். பாரசீகத்தின் மேல் படையெடுத்தால் பெரிய அரசு ஒன்றை அழிப்பாய் என்று விடை வந்தது. மகிழ்ந்துபோய் டெல்பி நகரத்து ஆண்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு பொற்காசு அனுப்பினான். பதிலுக்கு டெல்பி அவனுக்கும் அவன் மக்களுக்கும் வரிசையில் முன்னுரிமை, கட்டண விலக்கு, விழாக்களில் முன்வரிசை இருக்கை ஆகிய உரிமைகளை எக்காலத்துக்கும் வழங்கியது. அதன்பிறகுதான் போரைப் பற்றிக் கேட்டான். பாரசீகத்தின் மேல் படையெடுத்தால் பெரிய அரசு ஒன்றை அழிப்பாய் என்று விடை வந்தது.

விடுபட்டுப் போகும் ஆள் சாண்டனிஸ். படை புறப்படும் நேரத்தில் இந்த லிடியர் மன்னனிடம் பேசியதை ஹெரோடோட்டஸ் பதிந்திருக்கிறார். அரசே, நாம் படையெடுத்துப் போகும் மனிதர்கள் தோலாலான காற்சட்டை போடுகிறவர்கள். விரும்பியதை அல்ல, கிடைத்ததைச் சாப்பிடுகிறவர்கள், ஏனென்றால் அவர்கள் நிலம் கரடுமுரடானது. மது அறியாமல் தண்ணீர் குடிக்கிறவர்கள். தின்பதற்கு அத்திப்பழம்கூட இல்லாதவர்கள். வென்றால் அவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்வீர்கள்? தோற்றால் எவ்வளவு நல்லவற்றை இழப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். இதில் இரண்டு பொருள் கொள்ள ஒரு சொல்லும் கிடையாது. ஆதாயம் என்ன, இழப்பு என்ன என்று துலாக்கோலில் வைத்துக் காட்டுகிறார். குரோசஸ் கேட்கவில்லை. தெய்வத்தின் வாக்கு கையில் இருப்பவனுக்கு அத்திப்பழக் கணக்கு காதில் விழாது.

அதன்பின் நடந்ததில் மாயம் ஒன்றும் இல்லை. ஹாலிஸ் ஆற்றுக்கு அப்பால் நடந்த சண்டை யாருக்கும் வெற்றியில்லாமல் முடிந்தது. குரோசஸ் ஊர் திரும்பி, குளிர்காலத்தில் யார் படை நடத்தப்போகிறார்கள் என்ற நினைப்பில் கூலிப்படையைக் கலைத்துவிட்டு, எகிப்துக்கும் பாபிலோனுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் ஐந்தாவது மாதத்தில் படையோடு வாருங்கள் என்று ஆளனுப்பினான். சைரஸ் காத்திருக்கவில்லை, பின்னாலேயே வந்து சேர்ந்தார். பதினான்கு நாள் முற்றுகைக்குப் பிறகு சார்டிஸ் விழுந்தது. அழிந்த பெரிய அரசு குரோசஸின் சொந்த அரசு. சிறைப்பட்ட மன்னன் தன் விலங்குகளை டெல்பிக்கு அனுப்பி, கோயில் வாசலில் வைத்து, நன்றி மறப்பதுதான் கிரேக்கத் தெய்வங்களின் வழக்கமா என்று கேட்கச் சொன்னான். வந்த பதிலின் சாரம்: என் அரசையா, சைரஸின் அரசையா என்று அவன் மறுபடி ஆளனுப்பிக் கேட்டிருக்க வேண்டும், கேளாதது அவன் குற்றம். குரோசஸும் அதை ஒப்புக்கொண்டான் என்று கதை முடிகிறது.

இதில் எவ்வளவு உறுதி? சைரஸ் சார்டிஸைப் பிடித்து லிடியாவைத் தன் பேரரசோடு இணைத்தது உறுதி. காலம் பொதுவாகக் கி.மு. 546 என்று எழுதப்படும். அதை நிறுவப் பயன்பட்ட பாபிலோனியக் களிமண் பலகையில் நாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடம் சிதைந்திருப்பதால், ஆண்டைப் பற்றி அறிஞர்களிடையே சச்சரவு உண்டு. குரோசஸ் பெயரால் டெல்பியில் பெரும் காணிக்கைகள் இருந்தன என்பதையும் ஏற்கலாம். ஆமைக்கறிச் சோதனையும் செய்யுள் விடையும் வேறு வகை. ஹெரோடோட்டஸ் எழுதியது நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து. விலங்குகளுக்கு வந்த பதிலைப் படிக்கும்போது, தங்களுக்கு மிகப் பெரிய காணிக்கை கொடுத்தவன் ஏன் அழிந்தான் என்ற சங்கடமான கேள்விக்கு டெல்பிக்காரர்கள் பிற்பாடு அமைத்துக்கொண்ட சமாதானம் போலவே எனக்குத் தோன்றுகிறது. ஜோசப் ஃபான்டென்ரோஸ் என்ற அறிஞர் டெல்பிக் குறிகளை எல்லாம் திரட்டி ஆராய்ந்து 1978 இல் வெளியிட்ட முடிவும் இந்தப் பக்கமே சாய்கிறது. சொல்லப்பட்ட காலத்திலேயே பதிவான குறிகளைப் பார்த்தால் அவை பெரும்பாலும் சாதாரணமானவை: இந்தத் தெய்வத்துக்குப் பலி கொடு, இந்த விழாவை நடத்து, ஆம், அது நல்லது என்பன போன்றவை. புதிர் போட்டு இரட்டைப் பொருளில் பேசும் புகழ்பெற்ற குறிகள் அநேகமாக, நிகழ்ச்சி முடிந்து நெடுநாள் கழித்து எழுதப்பட்டவற்றில்தான் வருகின்றன. எல்லா அறிஞர்களும் அவரோடு அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனாலும் பலித்தது என்று நாம் கேள்விப்படும் குறியின் வாசகம் எப்போது எழுதப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதை நான் அவரிடமிருந்தே கற்றேன்.

கதை நடந்ததோ இல்லையோ, கிரேக்கர்களே அதன் உள்வேலையைக் கவனித்திருந்தார்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், பேச்சுக்கலையைப் பற்றி எழுதுகையில், இருபொருள்படப் பேசுவதற்கு இந்தக் குரோசஸ் வரியையே எடுத்துக்காட்டாக வைக்கிறார். பொதுப்படச் சொன்னால் தவறும் வாய்ப்புக் குறைவு, அதனால்தான் குறிசொல்பவர்கள் பொதுப்படச் சொல்கிறார்கள் என்கிறார். அதற்கு அவர் தரும் உவமை நம் வீட்டுத் திண்ணையில் புளியங்கொட்டையை வைத்து ஆடிய ஒற்றையா இரட்டையா ஆட்டம்தான். கைக்குள் எத்தனை என்று சொல்வதைவிட ஒற்றை என்றோ இரட்டை என்றோ சொன்னால் சரியாகும் வாய்ப்பு அதிகம். அதுபோல, ஒன்று எப்போது நடக்கும் என்று சொல்வதைவிட நடக்கும் என்று மட்டும் சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம். ஆகவே அவர்கள் நாளைக் குறிப்பதில்லை என்று முடிக்கிறார். உங்கள் சித்தப்பாவுக்குச் சொல்லப்பட்ட வாக்கை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். கையில் இருப்பது கைமாறினால் பெரிய வீடு எழும். எந்த ஆண்டில் என்று இல்லை. யாருடைய வீடு என்றும் இல்லை. நிலத்தை வாங்குகிறவர் அங்கே மூன்று மாடி எழுப்பினாலும் வாக்கு பலித்ததாகவே ஆகிவிடும்.

மொழியின் இலக்கணமே இதற்குத் துணைபோவதும் உண்டு. தமிழில் வெல்லப்படுகிறவர் யார் என்பதை 'ஐ' உருபு காட்டிக்கொடுத்துவிடும். லத்தீனில் 'இன்னார் இன்னாரை வெல்ல முடியும் என்று சொல்கிறேன்' என்னும் அமைப்பில் இரண்டு பெயர்களும் ஒரே வேற்றுமையை ஏற்கும். எனியஸ் என்ற ரோமானியக் கவிஞர், ரோமோடு போரிட்ட கிரேக்க மன்னன் பிர்ரஸுக்கு அப்போலோ இப்படி ஒரு வரியைச் சொன்னதாக எழுதினார். நீ ரோமானியரை வெல்வாய் என்றும் படிக்கலாம், ரோமானியர் உன்னை வெல்வர் என்றும் படிக்கலாம். குறிசாத்திரத்தைப் பற்றிக் கி.மு. 44 இல் எழுதிய சிசரோ இதைப் பிரித்துப் போடுகிறார்: அப்போலோ ஒருநாளும் லத்தீனில் பேசியதில்லை, இப்படி ஒரு குறியைக் கிரேக்கர் எவரும் கேள்விப்பட்டதில்லை, பிர்ரஸின் காலத்துக்குள் அப்போலோ செய்யுளில் பேசுவதையே நிறுத்தியாகிவிட்டது. குரோசஸ் விஷயத்திலும், அவன் வென்றாலும் சைரஸ் வென்றாலும் அந்த வாக்கு மெய்யாகியிருக்கும் என்று சொல்லிவிட்டு, இது ஒருகாலும் சொல்லப்பட்டதென்று நான் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்கிறார். இவ்வளவையும் எழுதிய சிசரோ ரோமாபுரியில் அரசுமுறையில் பறவைச் சகுனம் பார்க்கும் குழுவில் பதவி வகித்தவர்; உள்ளேயிருந்து பார்த்தவரின் சொல் என்பதால் அதற்கு எடை கூடுதல்.

இருபொருள் எப்போதும் சொல்பவரின் தந்திரத்தால் வருவதில்லை. கேட்டவர்களின் நினைவும் அதை உண்டாக்குகிறது. கி.மு. 430 இல் ஸ்பார்ட்டாவோடு போர் நடந்துகொண்டிருக்கையில் ஏதென்ஸில் கொள்ளைநோய் வந்தது. அப்போது முதியவர்களுக்குப் பழைய வரி ஒன்று நினைவு வந்தது: "டோரியப் போர் வரும், கூடவே கொள்ளைநோயும் வரும்." டோரியர் என்பது ஸ்பார்ட்டாவினரின் இனப்பெயர். கொள்ளைநோய்க்குக் கிரேக்கச் சொல் லோய்மோஸ், பஞ்சத்துக்கு லீமோஸ். பழைய வரியில் இருந்தது எந்தச் சொல் என்று ஊருக்குள் வாக்குவாதம் கிளம்பியது. நோய் ஆளைக் கொன்றுகொண்டிருந்ததால் நோய் என்ற பாடமே வென்றது. மக்கள் தாங்கள் பட்டதற்கு ஏற்ப நினைவை அமைத்துக்கொண்டார்கள், இனி இன்னொரு டோரியப் போர் வந்து அப்போது பஞ்சம் நேர்ந்தால் அதே வரியைப் பஞ்சம் என்றே பாடுவார்கள் என்று அதே ஊரில் அதே நோயில் விழுந்து பிழைத்த வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். இந்தப் பத்தியை நான் வகுப்பில் நடத்தும்போதெல்லாம் என் தாய்மாமன் நினைவுக்கு வருவார்.

அவருக்குப் பதினாறு வயதில், ஊருக்கு வந்த குறிகாரர் ஒருவர் கையைப் பார்த்து, தண்ணீரில் கண்டம் என்று சொல்லிவிட்டார். ஆற்றங்கரை ஊரில் பிறந்த அந்த மனிதர் அதன்பின் நீச்சல் பழகவில்லை; ஆடிப்பெருக்குக்கு எல்லோரும் துறையில் நிற்க, அவர் கரைமேல் அரசமரத்தடியில் செருப்பைக் காவல் காத்து நிற்பார். கடற்கரை நகரம் ஒன்றில் நல்ல சம்பளத்தில் வேலை வந்தபோது பாட்டி அழுது தடுத்துவிட்டார். 61 வயதில், சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறந்தார். எழவு வீட்டில் பெரியவர் ஒருவர் தழுதழுத்த குரலில், "சிறுநீரகம்னாலே நீர்தானே, அன்னைக்கே சொன்னாரே" என்றார். சுற்றியிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள், அன்று நானும் ஆட்டினேன். மழையில் நனைந்து சளி முற்றி இறந்திருந்தாலும், நெஞ்சில் நீர் கோத்து இறந்திருந்தாலும் அந்தத் தலைகள் அப்படியே ஆடியிருக்கும் என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்கு உறைத்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் அவர் ஆற்றில் இறங்காமல் கழித்ததற்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். தெளிவற்ற குறி நன்மையில் முடிந்த நேரமும் உண்டு. கி.மு. 480 இல் பாரசீகப் பேரரசன் செர்க்சஸ் படையோடு வந்தபோது, மரச்சுவர் ஒன்றே அழியாமல் உங்களைக் காக்கும் என்று டெல்பி ஏதென்ஸுக்குச் சொன்னதாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். தொழில்முறைக் குறிவிளக்குநர்கள் கடற்போர் வேண்டாம், நாட்டை விட்டே போய்விடலாம் என்றார்கள். ஏதென்ஸின் தலைவர்களில் ஒருவரான தெமிஸ்டோக்ளிஸ் மரச்சுவர் என்பது கப்பல்கள்தான் என்று வாதாடினார். அதே குறியில் சலாமிஸ் தீவைப் பற்றிய சாவுச் செய்தி நமக்கானதாக இருந்தால் தெய்வம் அதைக் கொடிய சலாமிஸ் என்றிருக்கும், தெய்விகச் சலாமிஸ் என்றிருக்காது என்று ஒரு பெயரடையைப் பிடித்துச் சபையைத் தன் பக்கம் திருப்பினார். சலாமிஸில் வெற்றி கிடைத்தது. ஆனால் அவர் குறியைக் கேட்டுக் கப்பலுக்கு வந்தவர் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன்பே வெள்ளிச் சுரங்க வருவாயை மக்களுக்குப் பங்கிடாமல் போர்க்கப்பல் கட்டச் செலவிட வைத்தவர். கையில் இருந்த திட்டத்துக்குத் தெய்வ வாக்கைப் பொருத்திக்காட்டினார். அதே குறியைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். அக்ரோபோலிஸ் குன்றின்மேல் கோயில் பணியாளர்களும், ஊரை விட்டுப் போக வசதியற்ற ஏழைகளும், கதவுகளையும் மரக்கட்டைகளையும் அடுக்கி, இதுவே மரச்சுவர் என்று நம்பி உள்ளே இருந்தார்கள். பாரசீகர்கள் அம்புகளில் சணல் சுற்றிக் கொளுத்தி எய்தார்கள். சுவர் எரிந்தது, பிறகு மேலே ஏறிவந்து, கோயிலுக்குள் தஞ்சம் புகுந்தவர்களையும் கொன்றார்கள். குறி பலித்தது என்று சொல்லும்போது இவர்களை யாரும் எண்ணுவதில்லை.

இதுவரை சொன்னதை வைத்துத் தெளிவற்ற குறிதான் ஆபத்து, தெளிவாகச் சொன்னால் பரவாயில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எனக்குத் தெரிந்த வரலாற்றில் மிகக் கொடிய விலையைக் கேட்டது ஐயத்துக்கு இடமே இல்லாத ஒரு சொல். கி.மு. 413 இல் சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரை முற்றுகையிட்ட ஏதென்ஸ் படை நோயாலும் தோல்வியாலும் நலிந்து, ஊர் திரும்புவதென்று முடிவு செய்து, கப்பல் ஏறும் தறுவாயில் இருந்தது. ஆகஸ்ட் 27 இரவு முழுச் சந்திர கிரகணம். படைவீரர்கள் கலங்கினார்கள். தளபதி நிக்கியாஸ், துசிடிடீஸின் சொல்லில், சகுனங்களில் சற்று மிதமிஞ்சிய ஈடுபாடு உள்ளவர். குறிசொல்பவர்கள் மும்முறை ஒன்பது, அதாவது 27 நாள் இருக்க வேண்டும் என்றதும், அது கழியும்வரை புறப்படுவதைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்றுவிட்டார். அதற்குள் எதிரி துறைமுக வாயை அடைத்துவிட்டான். கடலில் தோற்று, தரைவழியே தப்ப முயன்று, வழியெல்லாம் வெட்டுண்டு, எஞ்சியவர்களில் ஏழாயிரத்துக்குக் குறையாதவர்கள் கல்குவாரிகளுக்குள் அடைக்கப்பட்டார்கள். மேலே கூரை இல்லை. பகலில் வெயில், இரவில் குளிர், இறந்தவர்களின் உடல்கள் பக்கத்திலேயே. ஆளுக்கு ஒருநாளைக்குக் கால் லிட்டர் அளவு தண்ணீர், அரை லிட்டர் அளவு தானியம், எட்டு மாதம். நிக்கியாஸும் கொல்லப்பட்டார். இதே கிரகணத்துக்கு நேர் எதிரான விளக்கமும் கிரேக்கத்தில் இருந்தது என்று பிற்கால வரலாற்று எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார்: தப்பி ஓடுகிறவர்களுக்கு இருள் நன்மையே, மறைந்து செய்ய வேண்டிய காரியத்துக்கு வெளிச்சம்தான் பகை. நிக்கியாஸோடு நெடுநாள் இருந்து அவருடைய அச்சங்களைத் தணித்துவந்த குறிகாரர் சிறிது முன்பு இறந்துபோயிருந்தார் என்றும் அவர் சொல்கிறார். ஒரு படையின் உயிர், எந்தக் குறிகாரர் பக்கத்தில் இருந்தார் என்பதில் தொங்கிற்று. செய்தி ஊருக்கு எட்டியதும் ஏதென்ஸ் மக்கள், வெற்றி நிச்சயம் என்று நம்பவைத்த குறிகாரர்கள் மேல் ஆத்திரப்பட்டார்கள். ஆத்திரத்தால் யாரும் குவாரியிலிருந்து வெளியே வந்துவிடவில்லை.

பணமும் அதிகாரமும் உள்ளே நுழைவதைப் பற்றி ஒன்றிரண்டு சொல்லி நகர்கிறேன். ஸ்பார்ட்டாவின் ஓர் அரசன் கிளியோமெனிஸ், இன்னோர் அரசனான டெமராட்டஸை விலக்குவதற்காக, அவன் முந்தைய அரசனின் மகனே அல்லன் என்று பித்தியாவைச் சொல்லவைத்தான். பிறகு அது வெளிப்பட்டு, பெரியல்லா என்ற அந்தப் பித்தியா பதவி இழந்தாள். டெமராட்டஸுக்கு அரசு திரும்பவில்லை. ஏதென்ஸில் பழைய குறிகளைத் தொகுத்து வைத்திருந்த ஓனோமகிரிட்டஸ் என்பவன், தானே ஒரு குறியை எழுதி இடையில் செருகும்போது கையும் களவுமாகப் பிடிபட்டு நாடு கடத்தப்பட்டான். அதே ஆள் பின்னாளில் செர்க்சஸின் அவையில் அமர்ந்து, பாரசீகத்துக்குக் கேடு சொல்லும் குறிகளை விட்டுவிட்டு, நல்லது சொல்வதை மட்டும் ஓதினான். அவனுடைய பொய் இந்தமுறை சொன்னதில் இல்லை, சொல்லாமல் விட்டதில் இருந்தது. இதைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

இவ்வளவுக்குப் பின்னும் மக்கள் ஏன் போனார்கள் என்றால், அவர்களை மூடர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. வடமேற்குக் கிரேக்கத்தில் டொடோனா என்ற தலத்தில், சாதாரண மனிதர்கள் தங்கள் கேள்விகளைக் கீறிய ஈயத் தகடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. லிசானியஸ் என்பவன், அன்னிலா சுமக்கும் பிள்ளை என்னுடையதா என்று கேட்கிறான். இன்னொருவன், ஆடு வளர்த்தால் எனக்கு நல்லதா என்று கேட்கிறான். இரவில் தூக்கம் வராத மனிதர்களின் கேள்விகள் இவை. நம் முல்லைப்பாட்டில் வரும் விரிச்சியும் இதே ஏக்கம்தான். போருக்குப் போன தலைவன் திரும்புவானா என்று அறிய, முதிய பெண்டிர் மாலையில் நெல்லும் முல்லையும் தூவித் தொழுது, ஊரோரம் நின்று காதில் விழும் சொல்லுக்குக் காத்திருக்கிறார்கள். ஆயர்மகள் ஒருத்தி பசித்த கன்றிடம் "இன்னே வருகுவர் தாயர்" என்கிறாள். கன்றுக்குச் சொன்ன அந்தச் சொல்லைத் தலைவிக்கு நன்மொழியாகக் கொண்டுவருகிறார்கள். கிரேக்கத்திலும் ஃபாரே என்ற ஊரில், சந்தையில் நின்ற ஹெர்மிஸ் சிலையின் காதில் கேள்வியைச் சொல்லி, தன் காதைப் பொத்திக்கொண்டு சந்தையை விட்டு வெளியே வந்து கையை எடுத்ததும் கேட்கும் முதல் சொல்லையே விடையாகக் கொண்டார்கள். காத்திருக்கும் ஒருத்தி ஓரிரவு ஆறுதலாகத் தூங்குவதற்கு இது உதவுமானால் நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லை வைத்து யாரும் நிலத்தை விற்கவில்லை.

கேட்பவரின் மனம் விடையை முன்கூட்டியே முடிவு செய்துவிடுவதற்கு, சாக்ரடீஸின் மாணவரான ஸெனோபன் தன்னையே சான்றாகத் தருகிறார். பாரசீக இளவரசன் ஒருவனின் படையில் சேரலாமா என்று யோசித்தபோது, டெல்பியில் கேட்டுவா என்று சாக்ரடீஸ் சொன்னார். ஸெனோபன் போய், நான் நினைத்திருக்கும் பயணம் நல்லபடியாக முடிய எந்தத் தெய்வங்களுக்குப் பலி கொடுக்க வேண்டும் என்று கேட்டார். தெய்வங்களின் பெயர்கள் கிடைத்தன. போகலாமா கூடாதா என்பதை நீ கேட்கவே இல்லையே, போவதென்று நீயே முடிவு செய்துவிட்டாயே என்று சாக்ரடீஸ் கடிந்துகொண்டார். அந்தப் படை கி.மு. 401 இல் தலைவனை இழந்து, அந்நிய நாட்டின் நடுவில் தத்தளித்தது. குரோசஸ் "எந்த அரசு?" என்று கேளாததற்கும் காரணம் இதுவே என்று நினைக்கிறேன். ஐயம் இருந்தால்தான் கேட்கத் தோன்றும். அவனுக்குப் போர்மேல் ஆசை இருந்தது, ஐயம் இல்லை. உளவியல் அறிஞர் பெர்ட்ரம் ஃபோரர் 1948 இல் தம் மாணவர்கள் 39 பேருக்கு, உங்களுக்கென்றே தனித்தனியே எழுதியது என்று சொல்லி, கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரே வாசகத்தைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு அவர்கள் அளித்த சராசரி, ஐந்துக்கு 4.26. சொல்லில் விட்டிருக்கும் வெற்றிடத்தை நாமே நம் வாழ்க்கையைக் கொண்டு நிரப்பிவிடுகிறோம்.

உங்கள் சித்தப்பாவிடம் அருள்வாக்கு பொய் என்று வாதிடாதீர்கள். அது பொய்யாக முடியாதபடி அமைந்த சொல், அந்த வழக்கில் நீங்கள் வெல்ல முடியாது. அதற்குப் பதில், அந்த வாக்கை அவருக்குச் சொன்னபடியே ஒரு தாளில் அவர் கையால் எழுதித் தேதி போடச் சொல்லுங்கள். கீழே, எந்த ஆண்டுக்குள் என்ன நடக்கவில்லை என்றால் இது தவறிவிட்டது என்று கொள்வோம் என்பதையும் அவரே எழுதட்டும். யார் வீடு என்பதை அருள்வாக்கு சொன்னவரிடமே திரும்பப் போய்க் கேட்கச் சொல்லுங்கள். குரோசஸ் அனுப்பத் தவறிய இரண்டாவது தூதர் அது. நிலத்தை வாங்க முன்வந்திருப்பவருக்கும் வாக்கு சொன்னவருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்று விசாரியுங்கள். இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, பெரியல்லாவின் கதை தெரிந்தவன் கேட்காமல் இருக்க முடியாது. பிறகு சாண்டனிஸ் பேசியதைப் போலப் பேசுங்கள். அந்தத் தொழிலில் அவருக்கு எத்தனை ஆண்டு அனுபவம், நிலம் இப்போது ஆண்டுக்கு என்ன தருகிறது, அக்கம்பக்கத்தில் சென்ற ஆண்டு பதிவான விலை என்ன, தொழில் நொடித்தால் சித்தியும் பிள்ளைகளும் எதை வைத்துச் சாப்பிடுவார்கள் என்பதை எல்லாம் ஒரே தாளில் எண்ணாக எழுதி, சாமி படத்துக்கு முன்னாலேயே வைத்துப் பேசுங்கள். அவர் நம்பிக்கையைப் புண்படுத்தாமல் இதைச் செய்யலாம். அத்தனைக்கும் பிறகு விற்பதே சரி என்று அந்தக் கணக்கு சொன்னால் விற்கட்டும்.